பிரிட்டனில் ரொமான்டிக் கால இலக்கியக் கருத்தரங்கு: புதிய ஆய்வாளர் எதை எடுத்துப்போவது?

கேள்வி இதுதான். தமிழ்நாட்டில் ஆங்கில இலக்கியத்தில் பிஎச்டி இரண்டாம் ஆண்டு. துறை ரொமான்டிக் காலக் கவிதை, அதாவது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வந்த ஆங்கிலக் கவிதை. பிரிட்டனில் இளம் ஆய்வாளர்களுக்கென்று நடக்கும் கருத்தரங்கின் அழைப்பைப் பார்த்தேன். ‘வேர்ட்ஸ்வொர்த் கவிதைகளில் இயற்கை’ என்று ஒரு கட்டுரைச் சுருக்கம் அனுப்பலாம் என்று நினைக்கிறேன். எடுத்துக்கொள்வார்களா, செலவுக்கு என்ன வழி, சான்றிதழ் தருவார்களா?

அனுப்புங்கள். ஆனால் அந்தத் தலைப்பில் அனுப்பாதீர்கள். ஏன் என்று சொல்வதற்கு முன்னால், இந்தக் கருத்தரங்கு என்ன மாதிரியானது என்று தெரிந்துகொள்வது நல்லது. அது தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

பிரிட்டிஷ் ரொமான்டிக் ஆய்வுச் சங்கம் 1989இல் தொடங்கியது. ‘பார்ஸ்’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதன் பெரிய சர்வதேச மாநாடு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும். இடைப்பட்ட ஆண்டுகளில், ஆய்வு மாணவர்களுக்கும் புதிதாகப் பட்டம் வாங்கியவர்களுக்கும் தனியாக ஒரு சிறு கருத்தரங்கு நடத்துவது வழக்கம். நீங்கள் பார்த்த அழைப்பு அதற்குத்தான். 2014இல் அது கிராஸ்மியரில், வேர்ட்ஸ்வொர்த் வாழ்ந்த டவ் காட்டேஜ் பக்கத்திலேயே நடந்தது. 2016இல் ஆக்ஸ்போர்டில் ‘ரொமான்டிக் குரல்கள்’, 2018இல் கிளாஸ்கோவில் ‘ரொமான்டிக் பரிமாற்றங்கள்’. அப்புறம் கொரோனா வந்து இந்த வரிசையைக் குலைத்துவிட்டது. பெரிய மாநாடே 2022இல்தான், அதுவும் வட அமெரிக்கச் சங்கமான நாசரோடு சேர்ந்து எட்ஜ் ஹில் பல்கலைக்கழகத்தில் நடந்தது.

இந்தச் சிறு கருத்தரங்கை நடத்துபவர்கள் பெரும்பாலும் உங்களைப் போன்ற பிஎச்டி மாணவர்களும், முடித்து ஓரிரு ஆண்டு ஆனவர்களும்தான். சிறப்புரைக்கு இரண்டு மூன்று மூத்த பேராசிரியர்கள் வருவார்கள். மற்றபடி அரங்கில் இருப்பவர்கள் எல்லாம் சம வயது, சம நிலை. உங்கள் சுருக்கத்தைப் படித்து முடிவு செய்பவரும் தன் மூன்றாம் அத்தியாயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவராகவே இருப்பார். முடிந்த ஆய்வை யாரும் எதிர்பார்ப்பதில்லை. பாதியில் நிற்கும் வேலையைக் கொண்டுவந்து பேசத்தான் அந்த இடம்.

‘இளம் ஆய்வாளர்’ என்பதில் வயதுக் கணக்கு கிடையாது. பிரிட்டனின் கலை, மானுடப் புலங்களுக்கான ஆய்வு நிதிக்குழு பட்டம் பெற்று எட்டு ஆண்டு அல்லது முதல் பல்கலைக்கழகப் பணிக்கு வந்து ஆறு ஆண்டு என்று ஒரு வரையறை வைத்திருந்தது. கருத்தரங்குகள் அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை. நிரந்தர வேலை இல்லாமல் ஒப்பந்தத்தில் பாடம் எடுப்பவர்களும் வருவார்கள். நீங்கள் மாணவர், அதனால் இந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

அழைப்பில் 1760 முதல் 1840 வரை என்று போட்டிருப்பதைக் கவனித்தீர்களா? நம் பாடத்திட்டத்தில் ரொமான்டிக் காலம் 1798இல் தொடங்கி 1832இல் முடிந்துவிடும். பொதுவாக ஆறு பேர்: பிளேக், வேர்ட்ஸ்வொர்த், கோல்ரிட்ஜ், பைரன், ஷெல்லி, கீட்ஸ். அவர்கள் வைத்திருக்கும் எல்லை எண்பது ஆண்டு. பழங்கவி ஓசியனின் பாடல்கள் என்று சொல்லி மக்ஃபெர்சன் 1760இல் வெளியிட்ட துண்டுகளில் தொடங்கி, ஃபெலிசியா ஹெமன்ஸ் கடைசியாக எழுதியவை வரைக்கும் அதற்குள் வந்துவிடும். சார்லட் ஸ்மித், அன்னா பார்போல்ட், ஜான் கிளேர், நாவல், நாடகம், பத்திரிகை, பயண நூல், கடிதம் எல்லாம் உள்ளே. ஆறு பேர் என்ற பட்டியலையே கேள்வி கேட்டு ‘பிக்கர் சிக்ஸ்’ என்ற பெயரில் ஒரு குழு 2017இல் உருவானது. அடிமை வணிகம், காலனி, இனம் இவற்றை ஒதுக்கிவிட்டு இந்தக் காலத்தைப் படிக்க முடியாது என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தை ஏற்காதவர்களும் துறையில் இருக்கிறார்கள். ஆனால் அது நடந்ததே தெரியாத மாதிரி எழுதப்பட்ட ஒரு சுருக்கம் முப்பது ஆண்டு பழையதாகத் தெரியும்.

இப்போது உங்கள் தலைப்புக்கு வருகிறேன். ‘வேர்ட்ஸ்வொர்த் கவிதைகளில் இயற்கை’ என்பதில் தப்பு எதுவும் இல்லை, கேள்வியும் இல்லை. 20 நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயமும் இல்லை. படிப்பவருக்கு உடனே தோன்றுவது, ‘சரி, எந்தக் கவிதை, அதில் எந்த இடம், அங்கே என்ன புரியவில்லை?’ என்பதுதான். நம் ஊர்க் கருத்தரங்குகளில் தலைப்பு எவ்வளவு அகலமோ அவ்வளவு மரியாதை. அங்கே நேர் எதிர்.

கீட்ஸைப் பிடிக்கும் என்றால் அவரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். கிரேக்கத் தாழியைப் பற்றிய அவருடைய பாடல் முதலில் அச்சானது கவிதைத் தொகுப்பில் இல்லை. ‘அன்னல்ஸ் ஆஃப் தி ஃபைன் ஆர்ட்ஸ்’ என்ற ஓவிய, சிற்பக் கலைப் பத்திரிகையில், 1820 ஜனவரியில் வந்தது. அதற்குச் சில மாதம் முன்பு, 1819 ஜூலையில், நைட்டிங்கேல் பாடலும் அதே பத்திரிகையில்தான் வந்தது. அழகே உண்மை என்று சொல்லும் கடைசி வரிகளுக்குத் தொகுப்பில் மேற்கோள் குறி இருக்கிறது, பத்திரிகையில் இல்லை. அதனால் அந்த வரியை யார் பேசுகிறார், தாழியா கவிஞரா என்ற பழைய சண்டை இன்னும் தீரவில்லை. சண்டையைத் தீர்த்து வைக்கும் பொறுப்பு உங்களுக்கு வேண்டாம். ஏதென்ஸிலிருந்து எல்ஜின் கொண்டுவந்த சிற்பங்களை நாடாளுமன்றம் 1816இல் விலைக்கு வாங்கியது. ஓவியர் ஹேடன் அந்தச் சிற்பங்களுக்காகப் பிடிவாதமாக வாதாடியவர், கீட்ஸை அழைத்துப்போய்க் காட்டியவரும் அவர்தான். அந்தப் பத்திரிகையோ ஹேடன் பக்கம் நின்ற பத்திரிகை. அப்படியென்றால் அந்தப் பத்திரிகையின் வாசகர் அந்தப் பாடலை எப்படிப் படித்திருப்பார்? இது ஒரு கேள்வி. 20 நிமிடத்துக்குச் சரியாகப் பொருந்துகிற அளவுக் கேள்வி.

இன்னொரு உதாரணம், மனதுக்குப் பிடித்தது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ராபர்ட் சௌத்தி 1810இல் ‘கெஹாமாவின் சாபம்’ என்று ஒரு நீண்ட கதைப்பாடல் வெளியிட்டார். அவர் இந்தியாவில் கால் வைத்ததே இல்லை. அதில் ஒரு பகுதிக்கு ‘பலியின் நகரம்’ என்று பெயர், மகாபலி மன்னனின் நகரம் என்ற பொருளில். தண்ணீர் தன்னைத் தொடாது என்று சபிக்கப்பட்டவன் லடுர்லட். அந்தச் சாபத்தையே துணையாக வைத்துக்கொண்டு, கடலுக்குள் நடந்துபோய் மூழ்கிய நகரத்தை அடைகிறான். அந்த நகரம் நம் மாமல்லபுரம்தான். சௌத்திக்கு அது எப்படிக் கிடைத்தது? வில்லியம் சேம்பர்ஸ் என்பவர் 1770களில் அங்கே போய்ப் பார்த்துவிட்டு எழுதிய குறிப்பு, கல்கத்தா ஆசியக் கழகத்தின் ‘ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ முதல் தொகுதியில் 1788இல் அச்சானது. கடலுக்குள் கோயில் கோபுரங்களின் உச்சி மின்னுவதைப் பெரியவர்கள் பார்த்ததாக ஊர்க்காரர்கள் சொன்னதை அவர் அதில் எழுதியிருந்தார். ஊர்ப்பேச்சு ஒரு கம்பெனி அதிகாரியின் காதுக்குப் போய், அங்கிருந்து கல்கத்தா அச்சுக்கூடம் போய், அங்கிருந்து இங்கிலாந்தின் கெஸ்விக்கில் இருந்த ஒரு கவிஞரின் மேசைக்குப் போயிருக்கிறது. சௌத்தி தன் பாடலுக்கு அடிக்குறிப்புகளாக அள்ளிக் கொட்டியிருப்பதால், ஒவ்வொரு கையாக மாறும்போது என்ன விழுந்தது, என்ன சேர்ந்தது என்று வரி வரியாகப் பார்க்கலாம்.

இதைச் சுருக்கமாக எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்: ‘சௌத்தியின் மூழ்கிய நகரம் கீழைநாட்டைப் பற்றிய பொதுவான கற்பனையாகவே பெரும்பாலும் படிக்கப்படுகிறது. இந்தக் கட்டுரை அதை ஒரு குறிப்பிட்ட சாட்சியத்தின் மறுபதிப்பாகப் படிக்கிறது. சேம்பர்ஸ் பதிவு செய்த உள்ளூர்க்காரர்களின் பேச்சு, சௌத்தியின் அடிக்குறிப்பில் எவ்வளவு தங்குகிறது, செய்யுளில் எங்கே காணாமல் போகிறது என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். அடிக்குறிப்புக்கும் செய்யுளுக்கும் இடையே உள்ள இந்த இழுபறியே பாடலின் நகர்வைத் தீர்மானிக்கிறது என்பது என் வாதம்.’ வழக்கமான கருத்து என்ன, நீங்கள் எதை எடுத்துப் பார்க்கிறீர்கள், எப்படிப் பார்க்கிறீர்கள், என்ன சொல்ல வருகிறீர்கள். 250 சொல்லில் இந்த நான்கும் வந்துவிட்டால் போதும். அறிஞர்கள் பெயரை வரிசையாக அடுக்க வேண்டாம். நீங்கள் யாரோடு உடன்படவில்லையோ அவர் ஒருவர் பெயர் இருந்தால் நல்லது. கருத்தரங்கின் தலைப்புச் சொல்லை, ‘குரல்’ என்றோ ‘பரிமாற்றம்’ என்றோ, முதல் வரியில் வலிந்து ஒட்டவைக்கவும் வேண்டாம். படிப்பவர்களுக்கு அது நன்றாகவே தெரிந்துவிடும்.

இந்திய மாணவர் என்பதால் இந்தியாவைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று ஒரு மறைமுக எதிர்பார்ப்பு இருக்கும். அதற்கு வளைய வேண்டிய கட்டாயம் இல்லை. கீட்ஸின் நிறுத்தற்குறியைப் பற்றிப் பேச உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் கையெட்டும் தூரத்தில் பொருள் கிடக்கும்போது அதைப் பார்க்காமல் போவதும் புத்திசாலித்தனம் இல்லை. ஆண்ட்ரூ பெல் கதை தெரியுமா? எழும்பூரில் ராணுவ வீரர்களின் அனாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை 1789 முதல் 1796 வரை நடத்திய பாதிரியார். இங்கே பிள்ளைகள் மணலில் எழுத்துப் பழகுவதைப் பார்த்துவிட்டு அதைத் தன் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் கொண்டுவந்தார். நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்த வேலைதான். 1797இல் லண்டனில் இதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதன்பிறகு ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. கோல்ரிட்ஜ் 1808இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேசும்போது பெல்லுக்காக வரிந்துகட்டிக்கொண்டு, இதே மாதிரிப் பள்ளிமுறையை நடத்திய போட்டியாளர் லங்காஸ்டரைத் தாக்கினார். வேர்ட்ஸ்வொர்த்தும் இந்த முறையை ஆதரித்தவர். பெல்லின் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கியவர் சௌத்தி. அவர் மகன் முடித்து, மூன்று தொகுதியாக 1844இல் வந்தது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் பெல் விட்டுப்போன பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் பெயர் மெட்ராஸ் காலேஜ். குழந்தைப் பருவத்தை அப்படிப் பாடிய கவிஞர்கள், பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து ஓட்டும் ஒரு முறையை ஏன் கொண்டாடினார்கள்? எனக்குத் தெரிந்து இது நல்ல ஆய்வுக்கேள்வி. அந்தக் காலத்து மதராஸ் அரசின் பதிவேடுகள் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் எழும்பூரிலேயே இருக்கிறது. பிரிட்டனில் இருக்கும் மாணவர் நிதி கேட்டு விண்ணப்பித்து வரவேண்டிய இடத்துக்கு நீங்கள் மின்சார ரயிலில் போய் இறங்கலாம்.

ஜான் லேடன் இன்னொருவர். வால்டர் ஸ்காட்டின் நண்பர், கவிஞர், 1803இல் மருத்துவராக மதராஸ் வந்தவர், 1811இல் ஜாவாவில் இறந்தார். மரியா கிரஹாமின் 1812 இந்தியப் பயண நூலிலும் மாமல்லபுரம் வருகிறது. இவர்களைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை, தேடிப் பாருங்கள்.

சுருக்கம் ஏற்கப்பட்டதும் வாசிப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். வழக்கமாக ஓர் அமர்வுக்கு மூன்று பேர், ஆளுக்கு 20 நிமிடம், கடைசியில் மூவருக்கும் சேர்த்துக் கேள்வி நேரம். 20 என்றால் 20தான். அமர்வுத் தலைவர் ஐந்து நிமிடம், ஒரு நிமிடம் என்று துண்டுச்சீட்டு காட்டுவார், பிறகு நிறுத்திவிடுவார். 2,300 சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள். மேற்கோள்களோடு சேர்த்து 2,000 என்றால் இன்னும் நிம்மதி. எழுதியதை அப்படியே வாசிப்பது இலக்கியத் துறையில் குறையே இல்லை. ஆனால் காதுக்காக எழுதுங்கள், குறுகிய வாக்கியங்களாக. மேடையில் இருப்பவர்களுக்கு வணக்கம் சொல்ல ஐந்து நிமிடம், ரொமான்டிசிசம் என்றால் என்ன என்று விளக்க ஐந்து நிமிடம் என்று ஆரம்பித்தால் உங்கள் வாதத்துக்குப் பாதி நேரம்கூட மிஞ்சாது. கவிதை வரிகளைத் திரையிலோ ஒரு தாளிலோ எல்லோர் கண்ணுக்கும் எட்டும்படி வையுங்கள். நம் உச்சரிப்பு சிலருக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம். வரி கண்முன்னால் இருந்தால் அந்தச் சிக்கலே எழாது.

கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, ‘இது கேள்வி இல்லை, ஒரு கருத்து’ என்று ஆரம்பிப்பார். எல்லாக் கருத்தரங்கிலும் அப்படி ஒருவர் உண்டு. பொறுமையாகக் கேட்டு, குறித்துக்கொண்டு, நன்றி சொல்லிவிடுங்கள். பதில் தெரியாத கேள்விக்கு ‘அதை இன்னும் பார்க்கவில்லை, பார்க்கிறேன்’ என்றால் அங்கே யாரும் குறைத்து மதிப்பிட மாட்டார்கள். உண்மையான உதவி காபி இடைவேளையில்தான் வரும். ‘நீங்கள் சொன்ன கடிதம் இந்தத் தொகுப்பில் இருக்கிறது, பார்த்தீர்களா?’ என்று ஒருவர் கேட்பார். அந்த ஒரு வரி மூன்று மாத வேலையை மிச்சப்படுத்திவிடும். அதனால் உங்கள் அமர்வு முடிந்ததும் அறைக்குப் போய்ப் படுத்துவிடாதீர்கள், மற்றவர்களின் கட்டுரைகளையும் உட்கார்ந்து கேளுங்கள்.

போவதானால் கூடவே ஓர் ஆவணக் காப்பகத்தையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். கிராஸ்மியர் ஜெர்வுட் மையத்தில் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைக் கையெழுத்துப் பிரதிகளில் மிகப் பெரும்பகுதி இருக்கிறது. ஷெல்லி குடும்பத் தாள்கள் ஆக்ஸ்போர்டு பாட்லியன் நூலகத்தில் இருக்கின்றன. நேரில் போய் நின்றால் எடுத்துத் தர மாட்டார்கள். பல வாரம் முன்பே எழுதி, எந்தப் பிரதி வேண்டும், ஏன் வேண்டும் என்று சொல்ல வேண்டும். அச்சில் வந்ததையோ ஏற்கெனவே படமெடுத்து இணையத்தில் வைத்ததையோ கேட்டால் அதையே பாருங்கள் என்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

செலவு. விமானம், விசா, தங்குமிடம் எல்லாம் சேர்த்தால் ஒரு லட்சத்தை எளிதாகத் தாண்டிவிடும். விசா கட்டணம் மட்டுமே 100 பவுண்டுக்கு மேல். கடன் வாங்கிப் போக வேண்டிய விஷயம் இல்லை இது என்பது என் திட்டவட்டமான கருத்து. கருத்தரங்குகள் சில சமயம் பயண உதவித்தொகை வைத்திருக்கும். சுருக்கம் அனுப்பும்போதே கேட்டுவிட வேண்டும், பிறகு கேட்டால் தீர்ந்திருக்கும். பார்ஸ் உறுப்பினர்களான மாணவர்களுக்கும் இளம் ஆய்வாளர்களுக்கும் ஆய்வுப் பயணச் செலவுக்கு ஸ்டீஃபன் கோப்லி விருதுகள் என்று சிறு தொகைகள் உண்டு. விதிமுறை ஆண்டுக்கு ஆண்டு மாறலாம், அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இணையவழி வாசிப்புக்கு இடம் தருகிறார்களா என்றும் பாருங்கள். காபி இடைவேளை போய்விடும்தான், ஆனால் சும்மா இருப்பதற்கு அது மேல். நேரில் போவதானால், கருத்தரங்குக்குச் சாதாரண விசிட்டர் விசாவே போதும். ஏற்புக் கடிதத்தில் உங்கள் பெயர், கட்டுரைத் தலைப்பு, தேதி மூன்றும் தெளிவாக இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். விசா கைக்கு வரும் முன் பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட் போடாதீர்கள்.

சான்றிதழ் பற்றி: அங்கே அப்படி ஒரு வழக்கமே பெரிதாகக் கிடையாது. கேட்டால் கலந்துகொண்டதற்கு ஒரு கடிதம் தருவார்கள், உங்கள் பல்கலைக்கழகத்துக்கு அது போதும். ஐஎஸ்பிஎன் போட்ட தொகுப்பு நூலும் வராது. யுஜிசியின் 2016 விதிமுறை ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இரண்டு கருத்தரங்க வாசிப்பைக் கட்டாயமாக்கியிருந்தது, 2022 விதிமுறையில் அது இல்லை. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியாக அதை வைத்திருக்கின்றன, உங்கள் துறை அலுவலகத்தில் கேளுங்கள். இந்தக் கட்டாயத்தால்தான் போலிக் கருத்தரங்குகள் புற்றீசலாகப் பெருகின. பொறியியல், மருத்துவம், இலக்கியம் எல்லாவற்றையும் ஒரே அழைப்பில் சேர்த்து, சுருக்கம் அனுப்பிய மறுநாளே ஏற்றுக்கொண்டு, உடனே கட்டணம் கட்டச் சொன்னால் அந்தப் பக்கம் போகாதீர்கள். நல்ல கருத்தரங்கு பதில் சொல்லச் சில வாரமாவது எடுத்துக்கொள்ளும்.

பார்ஸ் இந்த ஆண்டு சரிப்படவில்லை என்றால் வேறு வாசல்களும் உண்டு. 1991இல் தொடங்கிய நாசர் ஆண்டுதோறும் மாநாடு நடத்துகிறது. பெரிய கூட்டம், முதல் முறைக்குக் கொஞ்சம் மிரட்டலாக இருக்கும். வேர்ட்ஸ்வொர்த் கோடைக் கருத்தரங்கை 1970இல் தொடங்கியவர் கவிஞரின் வம்சத்தில் வந்த நடிகர் ரிச்சர்ட் வேர்ட்ஸ்வொர்த். கட்டுரை வாசிப்போடு மலை நடையும் சேர்ந்த கூட்டம் அது, மாணவர்களுக்கு உதவித்தொகையும் தருவார்கள். எனக்கு இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

கடைசித் தேதி பெரும்பாலும் கருத்தரங்குக்கு நாலைந்து மாதம் முன்பே வந்துவிடும். நெறியாளரிடம் காட்டுவதற்கு அதற்கும் இரண்டு வாரம் முன்பே சுருக்கம் தயாராக இருக்கட்டும். அவர் பார்த்தபின் இலக்கியமே படிக்காத ஒரு நண்பரிடமும் கொடுங்கள். என்ன சொல்ல வருகிறாய் என்று அவர் கேட்டால் இன்னொரு முறை எழுதுங்கள். உதவித்தொகை, இணையவழி வாசிப்பு என்று சந்தேகம் எதுவானாலும் அழைப்பில் இருக்கும் முகவரிக்கே நாலு வரி மெயில் போட்டுக் கேட்கலாம். அந்தப் பக்கம் இருப்பதும் ஓர் ஆய்வு மாணவர்தான், பதில் போடுவார்.